பங்கைக் கடன் கொடுக்கும் முன்: எஸ்எல்பி-யில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

டீமேட்டில் சும்மா கிடக்கும் பங்குகளை ஷார்ட் அடிப்பவர்களுக்கு (கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, பிறகு வாங்கித் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு) கடன் கொடுத்துக் கட்டணம் வாங்கலாம் என்ற விஷயம் இப்போது பலர் காதுக்கும் எட்டியிருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யில் இந்த எஸ்எல்பி, அதாவது பங்குகளைக் கடன் கொடுத்து வாங்கும் முறை, 2008 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் டீலிங் டெஸ்க்குக்கு இதைக் கேட்டு வருகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்துகளையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். ப்ரோக்கர் எவ்வளவு பிடிப்பார், எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவை செய்தால் தானாகப் பழகிவிடும்.

நினைத்த நேரத்தில் திரும்ப வாங்கிவிடலாம் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "ரீகால் (கொடுத்த பங்கைத் தவணைக்கு முன்பே திரும்பப் பெறும் வசதி) இருக்கே சார், அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதம் தள்ளி முடியும் சீரிஸில் (பங்கு திரும்பும் தேதி குறித்த கடன் தவணையில்) பங்கைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். நடுத்தர மருந்து கம்பெனி ஒன்றில் 600 பங்கு வைத்திருந்தார், விலை 500 ரூபாய் வாக்கில். இரண்டு மாதத்துக்குப் பங்குக்கு 9 ரூபாய் கட்டணம் திரையில் தெரிந்தது. மொத்தம் 5,400 ரூபாய், அதுவும் மறுநாளே கைக்கு வந்துவிடும். "எந்த பேங்க்ல தம்பி இப்படித் தர்றான்?" என்றார். நடுவில் காலாண்டு முடிவு வருகிறதே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். கேட்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் பங்கு 430-இல் திறந்தது. ஒன்பதரை மணிக்கு முன்பே போன்: "எல்லாத்தையும் வித்துடுங்க." எதை விற்பது? பங்கு அவர் டீமேட்டில் இல்லை. சரி, ரீகால் போடலாம் என்று பார்த்தால், கொடுக்க முன்வருபவர்கள் இருக்க வேண்டிய பக்கம் காலி. மதியத்துக்கு மேல் யாரோ ஒருவர் 200 பங்கு கொடுக்க வந்தார், கட்டணம் 16 ரூபாய். தான் 9 ரூபாய்க்குக் கொடுத்த பங்கை 16 கொடுத்து மீட்பதா என்று கோபத்தில் போனை வைத்துவிட்டார். சீரிஸ் முடிந்து பங்கு வீடு திரும்பியபோது விலை 395. அவர் விற்க நினைத்த 430-இலிருந்து கணக்குப் போட்டால் 21,000 ரூபாய் போயிற்று. கையில் வந்தது 5,400.

ரீகால் என்பது கடன் வாங்கியவரைக் கூப்பிட்டு "கொடுப்பா" என்று கேட்பதல்ல. கடன் வாங்கியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. நடுவில், இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் என்எஸ்இ-யின் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது. அதே சீரிஸில் உங்கள் இடத்தில் தன் பங்கை வைக்க இன்னொருவர் முன்வர வேண்டும், அவர் கேட்கும் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஆள் வந்தால் பங்கு மறுநாள் வரும். வராவிட்டால் சீரிஸ் முடியும் நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதில் கொடுமை என்னவென்றால், விலை சரியும்போதுதான் ஷார்ட் அடிக்கக் கூட்டம் சேரும், கட்டணம் ஏறும். உங்களுக்கு அவசரம் வரும் நாளும் ரீகால் கசக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

பங்கை வாடகைக்கு விடுவது என்று இதை விளம்பரப்படுத்துகிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டைக் குடித்தனக்காரர் இருக்கும்போதே விற்கலாம். இங்கே அது முடியாது. கடனில் இருக்கும் பங்கை மறந்துபோய் விற்றுவிட்டால் டெலிவரி கொடுக்க முடியாமல் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் அந்தப் பங்கை வாங்கிக் கொடுத்து, விலை வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

ஃப்யூச்சர்ஸை (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தை) விற்றுச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பங்குக்கு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இருந்து, லாட் அளவு (ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்கு எண்ணிக்கை) உங்கள் எண்ணிக்கையோடு பொருந்தி, மார்ஜினும் (பிணையாகக் கட்டும் பணமும்) கையிலிருந்தால் செய்யலாம். அந்தப் பெரியவரின் 600 பங்கு ஒரு லாட்டுக்குக்கூடத் தேறவில்லை.

அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சீரிஸ் முடியும் தேதிவரை, விலை 30 சதவீதம் சரிந்தாலும் விற்காமல் வைத்திருப்பீர்களா? பதில் உடனே வரவில்லை என்றால் கிட்டத்து மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது பாதிப் பங்கை மட்டும் கொடுங்கள்.

கட்டணம் ஏன் அதிகம் என்று கேட்காமல் கொடுப்பது

உங்கள் பங்கைக் கடன் வாங்குபவர் பெரும்பாலும் கம்பெனி கவிழும் என்று பந்தயம் கட்டுபவர் அல்ல, ஆர்பிட்ராஜ் செய்பவர், அதாவது இரண்டு சந்தைகளின் விலை இடைவெளியில் லாபம் பார்ப்பவர். பங்கு 500 ரூபாய், அதே பங்கின் ஃப்யூச்சர்ஸ் 492 என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களிடம் கடன் வாங்கி 500-க்கு விற்று, 492-க்கு ஃப்யூச்சர்ஸ் வாங்கிவிடுவார். கையில் 8 ரூபாய் இடைவெளி. அதில் உங்களுக்கு 5 கொடுத்தாலும் அவருக்கு மிச்சம். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை, முழு ஏற்ற இறக்கமும் உங்களுடையது. கொடுக்கும் முன் ஃப்யூச்சர்ஸ் விலையை ஒரு தடவை பாருங்கள். இடைவெளி 8 இருக்கும்போது 2 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். ஆர்டரில் விலை போடுவது நீங்கள்தான்.

ஆண்டு சதவீதத்தைப் பார்த்து மயங்குவது

400 ரூபாய் பங்குக்கு 20 நாளில் 2 ரூபாய் என்பது அரை சதவீதம். அதை ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்று காட்டுவார்கள். அடுத்த மாதம் கடன் கேட்டு யாரும் வராவிட்டால் உங்கள் ஆண்டு வருமானம் அந்த அரை சதவீதம்தான்.

டிவிடெண்ட் போய்விடும் என்று பயப்படுவது

போகாது. கடன் வாங்கியவரிடம் வசூலித்து உங்களுக்குத் தந்துவிடுவார்கள்.

போனஸ் அறிவிப்பை மறப்பது

போனஸ், இணைப்பு போன்றவை வந்தால் ஒப்பந்தம் பாதியிலேயே முடிக்கப்படும், பங்கு உங்களிடம் திரும்பும். மீதி நாட்களுக்கான கட்டணம் மட்டும் உங்களிடமிருந்து திரும்பப் போய்விடும். வந்த பணத்தை முழுசாகச் செலவழித்துவிட்டு, கணக்கில் மைனஸ் காட்டுகிறதே என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

அடமானத்தில் இருக்கும் பங்கைக் கொடுக்கப் பார்ப்பது

முடியாது. முதலில் அடமானத்தை விடுவியுங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே கொடுப்பது

"பங்கை எங்கள் கணக்குக்கு மாற்றுங்கள், மாதம் ஒன்றரை சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் எஸ்எல்பி-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே கிளியரிங் கார்ப்பரேஷனும் கிடையாது, மார்ஜினும் கிடையாது. பங்கு போனால் போனதுதான்.

வரிக்கணக்கைக் குழப்புவது

எஸ்எல்பி-யில் கடன் கொடுப்பதை வருமான வரிச் சட்டம் விற்பனையாகப் பார்ப்பதில்லை, அதனால் மூலதன ஆதாய வரி வராது. கட்டணம் மட்டும் வருமானம். சாதாரண முதலீட்டாளர் என்றால் இதர வருமானத்தில் காட்டுங்கள், தொழிலாகச் செய்பவர் தொழில் வருமானத்தில். தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள், ப்ரோக்கரின் கணக்குப் புத்தகத்தில் அது ஒவ்வொரு வரவாகப் பதிவாகியிருக்கும்.