குரூப்பாக உட்கார வைத்தால் மட்டும் போதாது

நம் வகுப்புகளில் குழுச் செயல்பாடு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஐந்து பேரை வட்டமாக உட்கார வைத்து சார்ட்டும் ஸ்கெட்சும் கொடுக்கிறோம், கையெழுத்து அழகாக இருக்கிற பிள்ளை எழுதுகிறாள், இன்னொருத்தி பார்டர் போடுகிறாள், மிச்சம் மூன்று பேர் ஸ்கெட்ச் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே மார்க். நான் செய்யாவிட்டாலும் காரியம் நடக்கும் என்பதைத்தான் அந்த மூன்று பேர் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுக் கற்றலுக்கு ஐந்து அம்சங்கள் சொல்கிறார்கள். பயிற்சி வகுப்பு ஸ்லைடில் ஐந்தையும் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் முதலில் மூன்றைப் பிடித்தால் போதும்: ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை முடியக் கூடாது, ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும், பழகும் முறையைப் பாடம் மாதிரியே சொல்லித்தர வேண்டும்.

முதல் இரண்டுக்கும் நல்ல வழி ஜிக்சா முறை. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அதுவரை தனித்தனியாகப் படித்துவிட்டு ஒரே வகுப்புக்கு வந்து முட்டிக்கொண்டபோது எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார், மற்ற துண்டுகளை நண்பர்கள் வாயால்தான் கேட்டாக வேண்டும், பிறகு எல்லாத் துண்டுக்கும் சேர்த்துப் பரீட்சை. ஆங்கிலம் தடுமாறும் ஒரு பையனை முதலில் கிண்டல் செய்தவர்கள், அவன் துண்டு தெரியாவிட்டால் தங்களுக்கே மார்க் போகும் என்று புரிந்ததும், அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு வாங்கப் பழகினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

நம் தமிழ்ப் பாடத்தில் இதற்கென்றே அளந்து வைத்த மாதிரி ஐவகை நிலங்கள் இருக்கின்றன. நாற்பது பேர் வகுப்பு என்றால் ஐந்து ஐந்தாக எட்டு குழு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் குறிஞ்சி, ஒருவர் முல்லை, அப்படியே மருதம், நெய்தல், பாலை. தெய்வம், மக்கள், தொழில், உணவு என்று அந்த நிலத்துக்கு உரியதை மட்டும் எழுதிய சீட்டு அவரவர் கையில், புத்தகம் பைக்குள். முதலில் குறிஞ்சிக்காரர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடித் தங்கள் பகுதியைப் படித்து, எப்படிச் சொல்லித்தரலாம் என்று பேசிக்கொள்ளட்டும்; எட்டுப் பேர் சேர்ந்தால் சந்தைக்கடை ஆகிவிடும், நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள். அப்புறம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் சொல்லித்தர வேண்டும். பாலைக்காரன் பாடுதான் சுவாரசியம். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்துதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம், அதனால் அந்த இருவரும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் அவனால் தன் நிலத்தை விளக்கவே முடியாது.

நாற்பது நிமிடப் பீரியட் ஒன்றில் இது முடியாது, இரண்டு வேண்டும். யாராவது லீவு போட்டால் அவருடைய சீட்டைக் குழுவில் இன்னொருவர் சேர்த்து எடுக்கட்டும். கடைசியில் தேர்வு தனித்தனி, மார்க்கும் தனித்தனி. குழுவுக்கு ஒரே மார்க் போட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் அம்மா மறுநாள் வாசலில் நிற்பார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

குழுவை நீங்கள்தான் பிரிக்க வேண்டும். 'பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேருவார்கள், நம் ஊரில் தெரு என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆண், பெண், வேகமாகப் படிப்பவர், தடுமாறுபவர் எல்லாரும் கலந்திருக்கட்டும். ஒட்டவில்லை என்று இரண்டாம் நாளே மாற்றாதீர்கள், ஒட்டாதவரோடு வேலை பார்க்கத்தான் இந்தப் பாடமே. நான்கைந்து வாரமாவது அப்படியே இருக்கட்டும்.

இனி பழகும் முறை. 'ஒற்றுமையாக இருங்கள்' என்று சொல்வதில் பயனில்லை, பிள்ளைக்கு அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம் எடுங்கள். இந்த வாரம் 'மறுத்துப் பேசுவது' என்றால் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, கண்ணுக்கு எப்படித் தெரியும், காதுக்கு எப்படிக் கேட்கும் என்று பிள்ளைகளையே சொல்ல வைத்து எழுதுங்கள். 'பேசுகிறவரைப் பார்ப்பது' இந்தப் பக்கம், 'எனக்கு வேற மாதிரி தோணுது', 'நீ ஏன் அப்படிச் சொல்ற?' அந்தப் பக்கம். 'போடா லூசு' வராது என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பிறகு இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சுற்றி வரும்போது காதில் விழும் நல்ல வாக்கியத்தை நோட்டில் குறித்துக்கொண்டு கடைசியில் படித்துக் காட்டினால், மறுநாள் அதே வாக்கியம் நான்கு குழுவில் கேட்கும்.

ஒரே ஆள் பேசிக்கொண்டே இருக்கும் குழுவுக்குப் புளியங்கொட்டைதான் மருந்து. ஆளுக்கு மூன்று கொட்டை கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்தவர் மற்றவர்கள் கொட்டையும் தீரும் வரை கேட்க மட்டும்தான். வாயாடிகள் முதல் இரண்டு நிமிடத்தில் மூன்றையும் வைத்துவிட்டுக் கையைப் பிசைவார்கள். அடுத்த தடவை ஒவ்வொரு கொட்டையையும் யோசித்து வைப்பார்கள். பேசாத பிள்ளைக்கும் வாய் திறக்க இடம் கிடைக்கும்.

கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள். இன்று யார் செய்த எது உதவியாக இருந்தது, நாளைக்கு எதை மாற்றலாம், இந்த இரண்டு கேள்வியைக் குழுவுக்குள் பேசட்டும். 'எல்லாரும் நல்லா செஞ்சாங்க சார்' என்றால் விடாதீர்கள், யார், என்ன செய்தார் என்று கேளுங்கள்.

சத்தம் வரும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். கையைத் தூக்கினால் பார்த்தவரும் கை தூக்கி அமைதியாவது என்ற பழக்கத்தை முதல் நாளே பயிற்சி கொடுத்தால் தொண்டை பிழைக்கும். குழுவில் சேரவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். முதலில் ஒரே ஒரு துணையோடு ஜோடியாக வேலை கொடுங்கள், அது பழகியதும் அந்த ஜோடியை அப்படியே ஒரு குழுவுக்குள் நகர்த்துங்கள்.