சிகிச்சைக்குப் பின் நிதிக்காக நடக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புற்றுநோய்க்கான கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து கொஞ்சம் தெம்பு வந்ததும், வைத்தியத்துக்குப் பணமில்லாமல் தவிப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பலருக்குத் தோன்றுகிறது. ‘இந்த மாதம் 100 கிலோமீட்டர் நடக்கிறேன், நிதி கொடுங்கள்’ என்று கிளம்புவது அருமையான வழி. ஆனால் முதல் தவறு அந்த அறிவிப்பிலேயே நடந்துவிடுகிறது. உடம்பைக் கேட்காமல் தூரத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கீமோவுக்குப் பின் வரும் அசதி, தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதனால் இரண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் நடந்து பாருங்கள். நடக்கும்போது மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, மறுநாள் வழக்கம்போல எழுந்து வேலை பார்க்க முடிகிறதா என்று கவனியுங்கள். அந்தத் தூரத்தை வைத்து, ஓய்வு நாட்களையும் விட்டுக் கணக்குப் போடுங்கள். அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்.

டாக்டரிடம் ‘வாக்கிங் போகலாமா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. தினம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் என்று சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் எப்படி இருக்கிறது, எலும்பு தாங்குமா என்றும் கேளுங்கள். டாக்சோரூபிசின், ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடும். அவற்றை எடுத்திருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) தேவையா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பாதத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் என் பார்வையில் பெரிய தவறு. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பைப் பாதித்துக் காலை மரத்துப்போகச் செய்யலாம். அப்படிப்பட்ட காலில் கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது. மெரினா மணலில் வெறுங்காலோடு நடப்பது வேண்டவே வேண்டாம். ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வீடு திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் ஆறும்வரை நடை வேண்டாம். நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கும் தெருக்களையும் தவிர்த்துவிடுங்கள், மரத்த கால் எளிதில் தடுக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள், நடக்கும்போது அந்தப் பக்கத்து வளையலோ மோதிரமோ இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இறுகினால் கை வீங்கத் தொடங்கியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கத்திரி வெயில் காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்னைக்கு மார்கழி, தை மாதக் காலைகள்தான் சரி.

இனி பணம். எல்லாரும் உங்கள் ஜிபே எண்ணுக்கு அனுப்பட்டும் என்று விடாதீர்கள். சொந்தப் பணத்தோடு கலந்துவிட்டால் கணக்குச் சொல்வது சிரமம், நல்ல மனதோடு செய்தாலும் பேச்சு வரும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பணம் நேராகப் போகட்டும், ரசீது அவரவர் பெயரில் வரட்டும். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை வேண்டுபவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் கொடுக்க விரும்பினால், வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு) இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பணம் கொடுத்துவிட்டார்களே என்று உடம்பு முடியாத நாளிலும் நடக்காதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘நான் நடக்கும் தூரம் குறைந்தாலும் நீங்கள் தரும் தொகை முழுதாகப் போய்ச்சேரும்’ என்ற வரியை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.