அவரைப் பந்தலுக்குப் பொய்த்தேனீயை வரவழைப்பது எப்படி?

போன தை மாதம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் புறவாசலில் அவரைக்கொடி முழுக்கக் கறுப்பு அசுவினி. கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சுக்காம்பு என்று எள்ளைக் கொட்டியது போல அப்பிக் கிடந்தது. நடுநடுவே காலே இல்லாத சின்னப் பச்சைப் புழுக்கள் வேறு. சரி, புழுவும் சேர்ந்து விழுந்துவிட்டது என்று வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து நனைய நனைய அடித்தேன். பத்து நாளில் அசுவினி திரும்பி வந்துவிட்டது. புழு வரவில்லை. அசுவினியைத் தின்று கொண்டிருந்ததே அந்தப் புழுதான், அது பொய்த்தேனீ என்கிற ஈயின் குஞ்சு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் மருந்து டப்பாவைத் தொடுமுன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலை எட்டு மணி வாக்கில், வெயில் உறைக்கும் முன், பூத்த செடிப் பக்கம் அசையாமல் நில்லுங்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பூச்சி ஒன்று அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். சட்டென்று ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி நிற்கும். வேளாண்மைப் புத்தகங்களில் இதைச் சிர்பிட் ஈ என்பார்கள். எங்கள் வீட்டில் பொய்த்தேனீ. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டு. இறக்கையை எண்ண முடியாவிட்டால் முகத்தைப் பாருங்கள்: ஈயின் பெரிய கண், இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் உணர்கொம்பு. கொடுக்குக் கிடையாது, பிள்ளைகள் தாராளமாகப் பக்கத்தில் நிற்கலாம்.

முட்டை வெள்ளையாக, நொய்யரிசியை விடச் சின்னதாக, அசுவினிக் கூட்டத்தின் ஓரத்தில் ஒற்றை ஒற்றையாக ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். புழு முன்பக்கம் கூர்த்து, பின்பக்கம் தடித்து, குட்டி அட்டை மாதிரி இருக்கும். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பாதியை அப்படியும் இப்படியும் வீசித் துழாவும். அசுவினி ஒன்று தட்டுப்பட்டால் கவ்வி, இலையை விட்டு மேலே தூக்கிப் பிடித்து உறிஞ்சும். தூக்கியதன் ஆறு காலும் காற்றில் உதறும். சுருங்கிய தோலை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். வளர்ந்து முடிப்பதற்குள் ஒரு புழு இப்படி நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். இலையில் தார் பட்டது போல் கறுப்புப் பிசுக்கு இருந்தால் புழு பக்கத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்

புழுதான் அசுவினி தின்னும். தாய் ஈக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். மகரந்தம் கிடைக்காவிட்டால் முட்டை முதிராது. வாய் குட்டை என்பதால் மல்லிகை, செம்பருத்தி போன்ற ஆழமான பூக்கள் அதற்கு ஆகாது. விரித்து வைத்த தட்டு போன்ற பூ வேண்டும். அதற்கு நம் கொத்தமல்லியை மிஞ்ச ஒன்றுமில்லை.

அஞ்சறைப் பெட்டி மல்லியே போதும். கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். பத்து நாளுக்குள் முளைக்கும். விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் ஐப்பசி வாக்கில் மானாவாரியாக விதைப்பார்கள். தொட்டிக்காரர்கள் பெருமழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் நாற்று அழுகாது. பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டியாக மூன்று தொட்டி போட்டால் பூ விட்டுப் போகாது.

இதில் கஷ்டமான வேலை கிள்ளாமல் இருப்பது. "ரசத்துக்கு ஆகும்லா, இப்படி முத்த விடுதியே" என்று ஆச்சி இன்றைக்கும் முணுமுணுக்கிறாள். அவளுக்கென்று தனித் தொட்டி வைத்த பிறகுதான் சமாதானம்.

கூடவே கடுகு, சோம்பு, துளசி, ஒற்றை அடுக்குக் கேந்தி வைக்கலாம். தானாக முளைக்கும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் களை என்று பிடுங்காதீர்கள். ஆனி, ஆடியில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்தால் பலன் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் எந்த ஈ அந்தரத்தில் நிற்கும்? சுவருக்குக் கிழக்குப் பக்கம் ஒதுக்கி வையுங்கள்.

3. கொஞ்சம் அசுவினியை விட்டு வையுங்கள்

அசுவினியே இல்லாத இடத்தில் ஈ முட்டை வைக்காது. அதற்காக அவரையைக் காவு கொடுக்க வேண்டியதில்லை. வேலியோரம் எருக்கு நின்றால் வெட்டாமல் விடுங்கள். அதிலும் அரளியிலும் வருகிற மஞ்சள் அசுவினி வேறு இனம், அவரைக்கோ கத்தரிக்கோ தாவாது. ஈயும் பொறிவண்டும் அங்கே பெருகி, அவரையில் அசுவினி விழும்போது இங்கே வந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எறும்பைத் தடுங்கள்

அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், புழுவையும் பொறிவண்டையும் விரட்டும். பந்தல் காலில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். செடித் தண்டில் நேராகத் தடவ வேண்டாம்.

5. மற்ற கூட்டாளிகள்

பொறிவண்டுக் குஞ்சு குட்டி முதலை போலக் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். மயிரிழைக் காம்பின் நுனியில் முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. சுவரில் குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அது எப்படியோ, குடம் போலக் கூடு கட்டும் குளவி தன் குஞ்சுக்குப் பச்சைப் புழுக்களைத்தான் பிடித்து அடைக்கிறது. கூட்டை இடிக்காதீர்கள். பொட்டளவு குளவியைக்கூட லேசாக எண்ண வேண்டாம்: 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டுப் பப்பாளியைப் பாழாக்கிய மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவிதான்.

6. அடித்தே ஆக வேண்டுமென்றால்

முதலில் ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள், பாதி உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்பு. சாயங்காலம், புழு இல்லாத கொழுந்தில் மட்டும், பூவில் படாமல் அடியுங்கள்.

நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய மூன்று வாரம். அவரை ஓய்ந்து கொடியை அறுக்கும்போது சருகைப் புரட்டிப் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில், பழுப்பாக ஒட்டியிருப்பது அதன் கூட்டுப்புழு. அந்தச் சருகைக் கொளுத்தாமல் பத்து நாள் மூலையில் குவித்து வையுங்கள்.