மாலத்தீவுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

மாலேயின் வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. வெளியே வந்தால் எதிரே கடல். டாக்சி நிற்க வேண்டிய இடத்தில் படகுகள் நிற்கின்றன. தலைநகர் மாலேக்கு 2018 முதல் பாலம் உண்டு, பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்குச் சாலையும் உண்டு. மற்றத் தீவுகளுக்குப் படகு, உள்நாட்டு விமானம் அல்லது கடல் விமானம்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டியதுதான். முன்பணம் கட்டிய விடுதி அறை காலியாகக் கிடக்கும். ஆகவே முதலில் விடுதியிடம், "எத்தனை மணிக்குள் நாங்கள் இறங்க வேண்டும்?" என்று கேளுங்கள். பிறகு டிக்கெட் எடுங்கள். திரும்பும் நாளுக்கும் இதே கணக்குதான். பெட்டியின் எடை வரம்பையும் கேட்டுவிடுங்கள். அது சிறிய விமானம்.

புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' பயணப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

மதுப்புட்டி கொண்டுபோகக் கூடாது, வழியில் வரியில்லாக் கடையில் வாங்கியதானாலும்.