பொடி, எண்ணெய், தோசைக்கல் ஒரே ஆர்டர்ல வந்தா ஷிப்பிங் எவ்ளோ? வூகாமர்ஸ்ல செட் பண்றது எப்படி

உங்க ஆன்லைன் கடையில ஒருத்தர் மூணு பாக்கெட் பருப்புப்பொடியும் ஒரு இரும்பு தோசைக்கல்லும் ஒரே கார்ட்ல போடுறாங்கன்னு வைங்க, ஷிப்பிங் எவ்ளோ காட்டணும்? பொடிக்கு தனி, கல்லுக்கு தனின்னு கூட்டினா கஸ்டமர் அந்த தொகையைப் பாத்துட்டு கார்ட்டை அப்படியே விட்டுட்டு போயிடுவாங்க, எல்லாத்துக்கும் ஒரே 60 ரூபான்னு வச்சா கல்லு போற ஒவ்வொரு தடவையும் உங்க கைக்காசு போகும். வீட்டுல இருந்தே கடை நடத்துற நிறைய பேருக்கு லாபம் கரையுற இடமே இதுதான், ஆனா பொருள் விலை வைக்கிறதுல காட்டுற கவனத்தை யாரும் இதுல காட்டுறதில்ல. வூகாமர்ஸ்ல (வேர்ட்பிரஸ் சைட்டுல ஆன்லைன் கடை நடத்த உதவுற சாஃப்ட்வேர்) காசு குடுத்து ப்ளகின் (கூடுதல் வசதிக்கு சேக்குற சாஃப்ட்வேர்) வாங்காம, அதுல இருக்குற ஃப்ளாட் ரேட்டை, அதாவது நாமளே தொகையை முடிவு பண்ணி வைக்கிற ஷிப்பிங் முறையை வச்சே இதை நல்லா செட் பண்ணலாம்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன கடை: 250 கிராம் பொடி பாக்கெட், 1 லிட்டர் மரச்செக்கு நல்லெண்ணெய், 3 கிலோ தோசைக்கல், 2.5 கிலோ கல்சட்டி. இந்த நாலும்தான் சரக்கு.

முதல்ல தராசு, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

செட்டிங்ஸ் பக்கமே இப்ப போகாதீங்க. ஒவ்வொரு பொருளையும் நிஜமா அனுப்புற மாதிரி பேக் பண்ணி எடை போடுங்க, அட்டைப்பெட்டி, பபுள் ராப், டேப் எல்லாத்தோடயும். பெட்டியோட நீளம் அகலம் உயரமும் சென்டிமீட்டர்ல எழுதி வைங்க, ஏன்னா கூரியர்காரங்க எடையை மட்டும் பாக்கமாட்டாங்க, மூணையும் பெருக்கி 5000ஆல வகுத்து (சில கம்பெனி வேற எண் வச்சிருப்பாங்க, உங்க ரேட் கார்டுல இருக்கும்) அதுல வர்ற எடையையும் நிஜ எடையையும் பாத்து எது அதிகமோ அதுக்குத்தான் பில் போடுவாங்க. நம்ம கல்சட்டி நிஜத்துல 2.5 கிலோதான், ஆனா உடையாம போகணும்னு சுத்தி தெர்மாகோல் வச்சு 30க்கு 30க்கு 20 பெட்டியில போட்டா 18000, அதை 5000ஆல வகுத்தா 3.6 கிலோ. அரைக் கிலோ அரைக் கிலோவா ஏறுற ஸ்லாப்ங்கிறதால 4 கிலோவுக்கு பில் வரும். கல்சட்டி விக்கிறவங்க பலபேரு இதைக் கவனிக்கவே மாட்டாங்க.

கணக்குக்காக ஒரு ரேட் எடுத்துக்குவோம், நீங்க உங்க கூரியர் ரேட்டைப் போட்டுக்கோங்க: தமிழ்நாட்டுக்குள்ள முதல் அரைக் கிலோ 40 ரூபா, அடுத்து வர்ற ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 20 ரூபா, மேல 18% ஜிஎஸ்டி. பெட்டி, டேப் செலவு 15 ரூபா, பெட்டியோட எடை 200 கிராம்.

ஒரு பார்சல்னா ஒரு அடிப்படைச் செலவு, மிச்சமெல்லாம் அதுமேல ஏறுறது

இந்த ஒரு விஷயம் மனசுல நின்னுட்டா மீதி எல்லாம் சுலபம். பெட்டியும் முதல் அரைக் கிலோவும் ஒரு ஆர்டருக்கு ஒரு தடவைதான் செலவு. 40 ரூபாயோட ஜிஎஸ்டி சேத்தா 47.20, பெட்டி 15, ஆக 62 சொச்சம். இதை 60ன்னு வச்சுக்குவோம். இதுக்கு மேல ஒவ்வொரு பொருளும் எவ்ளோ எடையை ஏத்துதோ அதுக்கு மட்டும் காசு. ஒரு அரைக் கிலோ ஏறுனா ஜிஎஸ்டியோட 23.60.

அப்ப பொடி பாக்கெட் ஒண்ணுக்கு 12 ரூபா. எண்ணெய் பாட்டிலோட கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், அதுக்கு 50. தோசைக்கல் 3 கிலோவுக்கு ஆறு ஸ்லாப், 141.60 வருது, 145ன்னு வைங்க. கல்சட்டிக்கு 4 கிலோ பில்லுல முதல் ஸ்லாப் போக மிச்சம் 165, தெர்மாகோல் செலவு ஒரு 35, ஆக 200.

இப்ப வூகாமர்ஸ் உள்ள போங்க

செட்டிங்ஸ்ல ஷிப்பிங் டேப், அதுல கிளாஸஸ்னு இருக்கும். அங்க நாலு ஷிப்பிங் கிளாஸ் உருவாக்குங்க: பொடி, எண்ணெய், இரும்பு, கல்சட்டி. பேரு என்ன வேணா வைக்கலாம், ஆனா கேட்டகரியையே கிளாஸா எடுத்துக்காதீங்க, ஒரே மாதிரி எடையும் ஒரே மாதிரி பேக்கிங்கும் உள்ள பொருளெல்லாம் ஒரே கிளாஸ், அவ்ளோதான். 250 கிராம் ஊறுகாய் பாக்கெட் வந்தா அதுவும் பொடி கிளாஸ்லயே போகலாம்.

அடுத்து ஒவ்வொரு ப்ராடக்ட்டையும் திறந்து, ப்ராடக்ட் டேட்டாவுல ஷிப்பிங் டேப்ல போய் அதுக்கான கிளாஸை தேர்ந்தெடுங்க. ஒரே பொடியை 250 கிராம், 1 கிலோன்னு வேரியேஷனா விக்கிறீங்கன்னா ஒவ்வொரு வேரியேஷனுக்கும் தனித்தனியா கிளாஸ் மாத்தலாம், இதை விட்டுட்டா 1 கிலோ பாக்கெட்டும் 12 ரூபாயில போகும்.

அதே டேப்ல எடைன்னு ஒரு பெட்டி இருக்கும், புதுசா வர்றவங்க அதுல எடையைப் போட்டுட்டா ஷிப்பிங் தானா கணக்காயிடும்னு நினைப்பாங்க. ஆகாது! ஃப்ளாட் ரேட் எடையைத் திரும்பிக்கூட பாக்காது, கிளாஸை மட்டும்தான் பாக்கும். எடையைப் போட்டு வைங்க, பின்னாடி கூரியர் ப்ளகின் இணைச்சா உதவும்.

இனி ஷிப்பிங் ஸோன், அதாவது ஒரே ரேட் போடப்போற ஊர்களோட தொகுப்பு. தமிழ்நாடுன்னு ஒரு ஸோன் உருவாக்கி, ரீஜியன்ல தமிழ்நாட்டை தேர்ந்தெடுத்து, மெத்தட்ல ஃப்ளாட் ரேட் சேருங்க. அதை எடிட் பண்ணா மேல காஸ்ட்னு ஒரு பெட்டி, அதுல 60. கீழ ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பெட்டி தெரியும் (கிளாஸ் முன்னாடியே உருவாக்கியிருந்தாதான் இது வரும், அதான் அதை முதல்ல செய்யச் சொன்னேன்).

இரும்பு கிளாஸ் பெட்டியில வெறும் 145ன்னு போட்டா ஒரு கல்லு வாங்குனாலும் அஞ்சு கல்லு வாங்குனாலும் 145தான். எண்ணிக்கையால பெருக்கணும்னா 145 போட்டு, பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டு, அப்புறம் சதுர அடைப்புக்குறிக்குள்ள க்யூ, டி, ஒய்ங்கிற மூணு ஆங்கில எழுத்தையும் சின்ன எழுத்துல அடிங்க. அந்த கிளாஸ்ல எத்தனை பொருள் கார்ட்ல இருக்கோ அந்த எண் அங்க வந்து உக்காந்துக்கும். ரூபாய் குறி, காற்புள்ளி எதுவும் வேண்டாம். இதே மாதிரி பொடிக்கு 12, எண்ணெய்க்கு 50, கல்சட்டிக்கு 200.

கிளாஸே குடுக்காத பொருளுக்கும் ஒரு பெட்டி இருக்கும், அதைக் காலியா விடாதீங்க. புதுசா ஒரு வாணலியை ஏத்தும்போது கிளாஸ் குடுக்க மறந்துட்டா அது வெறும் 60 ரூபாயில போயிடும். அதனால அங்கயும் 100 மாதிரி ஒரு பாதுகாப்பான தொகையைப் போட்டு அதே மாதிரி எண்ணிக்கையால பெருக்கி வைங்க.

கடைசியா கால்குலேஷன் டைப். பெர் கிளாஸ், பெர் ஆர்டர்னு ரெண்டு இருக்கும். பெர் ஆர்டர்னா கார்ட்ல இருக்குற கிளாஸ்கள்ல எது அதிக செலவோ அதை மட்டும் எடுக்கும், பெர் கிளாஸ்னா எல்லா கிளாஸையும் கூட்டும். நம்ம முறைக்கு பெர் கிளாஸ்தான் வேணும், ஏன்னா அடிப்படைச் செலவை மேல காஸ்ட்ல ஒரு தடவை மட்டும் வச்சுட்டோம், கூட்டுறதால ரெண்டு தடவை வாங்குற பிரச்சினை வராது. பல பேரு ஒவ்வொரு கிளாஸுக்கும் பெட்டியோட சேத்து முழுத் தொகையை போட்டுட்டு பெர் கிளாஸ் வச்சிடுறாங்க, ஷிப்பிங் ஏறிப்போய் ஆர்டர் வரலைன்னு சொன்னதும் பெர் ஆர்டருக்கு மாத்துறாங்க, அப்ப நஷ்டம் வருது. ரெண்டுமே வேண்டாம்.

சரியா வருதான்னு பாப்போம்

ஒரு கல்லு, மூணு பொடி: 60, 145, 36, மொத்தம் 241. நிஜச் செலவு? 3.95 கிலோ, 4 கிலோ ஸ்லாப், 180 ரூபாயோட ஜிஎஸ்டி சேத்து 212.40, பெட்டி 15, ஆக 227.40. ரெண்டு கல்லுன்னா நம்ம கணக்கு 350, நிஜச் செலவு 345. ஒரு எண்ணெய், ரெண்டு பொடிக்கு 134, செலவு 133. இப்படி பத்து பதினஞ்சு ரூபா முன்ன பின்ன இருந்தா போதும், இதுக்கு மேல துல்லியம் ஃப்ளாட் ரேட்ல வராது, தேவையும் இல்ல.

கல்லும் கல்சட்டியும் சேந்து வர்ற ஆர்டர்தான் சிக்கல். இரும்பையும் கல்சட்டியையும் ஒரே பெட்டியில போட்டா சட்டி உடைஞ்சுதான் போய்ச்சேரும், ரெண்டு பார்சல் கட்டியே ஆகணும், ஆனா வூகாமர்ஸ் மொத்த கார்ட்டையும் ஒரே பார்சலாத்தான் நினைக்கும். நம்ம ஃபார்முலா 405 காட்டும், செலவு 466 ஆகும், 61 ரூபா குறையுது. இந்த ஜோடி எப்பவாச்சும்தான் வருதுன்னா அந்த 61ஐ நீங்க ஏத்துக்கிறதுதான் நல்லது, இதுக்காக கல்சட்டி ரேட்டை ஏத்தினா சட்டி மட்டும் வாங்குறவங்களையும் தண்டிக்கிற மாதிரி ஆகிடும். அடிக்கடி வருதுன்னா ரெண்டையும் சேத்து காம்போன்னு தனி ப்ராடக்ட் போட்டு அதுக்கு தனி கிளாஸ் குடுத்து 406 வச்சுடுங்க, மேல இருக்குற 60ஓட சரியா வந்துடும்.

மத்த ஊர்கள், ஃப்ரீ ஷிப்பிங்

கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவுக்கு ஒரு ஸோன், மிச்ச மாநிலங்களுக்கு ஒண்ணு. கிளாஸ் அதே நாலுதான், தொகை மட்டும் அந்த ஊர் ரேட்டுக்கு மாறும். ஸோன் வரிசை ரொம்ப முக்கியம், மேல இருந்து கீழ பாத்துட்டு முதல்ல எது பொருந்துதோ அதையே எடுத்துக்கும். சென்னைக்குள்ள நீங்களே டெலிவரி பண்றீங்கன்னா 600 போட்டு நட்சத்திரக் குறி வச்சு பின்கோடு ஸோன் உருவாக்கி அதை தமிழ்நாட்டுக்கு மேல இழுத்து வைங்க, கீழ இருந்தா அது வேலையே செய்யாது. எண்ணெய் விக்கிறவங்க வெளிமாநில ரேட் போடும்போது சர்ஃபேஸ் (தரைவழி) ரேட்டை எடுங்க, திரவத்தை விமானத்துல ஏத்த பல கூரியர்ல ஒத்துக்கமாட்டாங்க.

ஃப்ரீ ஷிப்பிங் வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. மினிமம் ஆர்டர் தொகை, கூப்பன் இந்த ரெண்டைத்தான் அது பாக்கும், கிளாஸைப் பாக்காது. 999க்கு மேல இலவசம்னு வச்சா 900 ரூபா கல்லும் 100 ரூபா பொடியும் வாங்குறவங்களுக்கு இருநூத்திச் சொச்சம் உங்க கையில இருந்து போகும், 1000 ரூபா ஆர்டர்ல உங்க லாபமே அவ்ளோ இருக்குமான்னு பாத்துக்கோங்க. உங்க கடையில அதிக எடையுள்ள பொருளை வச்சு அந்த எல்லையை முடிவு பண்ணுங்க. ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணவங்களுக்கு ஒண்ணு, கஸ்டமர்கிட்ட வாங்குற ஷிப்பிங் தொகையும் பில் மதிப்புல சேரும், உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை பேசிக்கோங்க.

டெஸ்ட்

ஷிப்பிங் செட்டிங்ஸ்ல டீபக் மோடை ஆன் பண்ணிட்டு, ப்ரௌஸரோட இன்காக்னிட்டோ விண்டோவுல கடையைத் திறந்து, மேல சொன்ன ஜோடிகளை கார்ட்ல போட்டுப் பாருங்க. டீபக் மோட் பழைய ரேட்டை ஞாபகம் வச்சு காட்டாம ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போடும். மதுரை அட்ரஸ், பெங்களூரு அட்ரஸ், டெல்லி அட்ரஸ்னு மூணையும் பாருங்க. முடிச்சதும் டீபக் மோடை ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் மாசம் ஒரு தடவை கூரியர் பில்லை எடுத்து, ரெண்டு மூணு விதமான பொருள் சேந்து போன ஆர்டரை மட்டும் தனியா பிரிச்சு, வாங்குனது எவ்ளோ கட்டுனது எவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, எந்த கிளாஸ் தொகையை மாத்தணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.