தேங்காய் மாவு குக்கீஸ்: உதிர்வது ஏன், கல்லாவது ஏன்

முதல் தடவை நான் செய்த தவறு ரொம்பச் சாதாரணமானது. மைதாவுக்கு எழுதிய குறிப்பில் 250 கிராம் மைதா என்று இருந்த இடத்தில் அதே 250 கிராம் தேங்காய் மாவைக் கொட்டினேன், அவ்வளவுதான். கலக்கக் கலக்க அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே போனது, பாதாம் பால் ஊற்றினேன், அதையும் குடித்தது, மறுபடி ஊற்றினேன், அதுவும் போன இடம் தெரியவில்லை. ஓவனிலிருந்து வெளியே வந்ததை குக்கீ என்று சொல்ல மனசு வரவில்லை. கையில் எடுத்தால் மணல், வாயில் போட்டால் மரத்தூள்.

பெயரில் ‘மாவு’ என்று இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. தேங்காயிலிருந்து பாலையோ எண்ணெயையோ எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்துப் பொடியாக அரைத்தால் தேங்காய் மாவு. மைதாவில் பெரும்பகுதி ஸ்டார்ச். 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். தேங்காய் மாவில் அது தயாரிப்பைப் பொறுத்து ஏறக்குறைய 35, 40 கிராம் வரை போகும். அந்த நார் ஸ்பாஞ்ச் மாதிரி நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளத் தெரியாது. மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் என்ற புரத வலை உருவாகி மாவைப் பிடித்து நிறுத்துகிறது, இங்கே அந்த வலையே கிடையாது. தேங்காய் மாவு குக்கீஸில் நடக்கும் தப்புகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு குணத்திலிருந்துதான் வருகின்றன: நிறையக் குடிக்கும், ஒட்டாது.

அதனால் ஒரு கப் மைதாவுக்குப் பதில் கால் கப், மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கு கப் தேங்காய் மாவு போதும். ஆனால் இது தோராயக் கணக்கு. மைதா குறிப்பை மாற்றிச் செய்வதைவிட, தேங்காய் மாவுக்கென்றே எழுதப்பட்ட அளவிலிருந்து தொடங்குவது மேல். கப்பையும் முழுசாக நம்ப வேண்டாம். இந்த மாவு கட்டி கட்டியாக இருக்கும், அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் இன்னொரு எடை. மைதாவில் 10 கிராம் கூடக்குறைய இருந்தால் பெரிதாகத் தெரியாது, இங்கே அந்த 10 கிராம் குக்கீயை வறண்டு போக வைத்துவிடும். சின்னத் தராசு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கட்டாயம் சலியுங்கள். சலிக்காமல் போட்ட கட்டி ஓவனிலும் கரையாது, கடிக்கும்போது வெள்ளையாக, உலர்ந்த பொடியாக வாயில் அகப்படும்.

இன்னொன்று, உலர்ந்த தேங்காய்த் துருவலை மிக்ஸியில் அடித்தால் தேங்காய் மாவு வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. துருவலில் எண்ணெய் முழுசாக இருக்கிறது, அரைக்க அரைக்கப் பொடியாவதற்குப் பதில் வெண்ணெய் மாதிரிக் குழைய ஆரம்பிக்கும். வீட்டில் பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைக்கலாம், நன்றாகவே வரும், ஆனால் அதில் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருக்கும், கடை மாவு அளவுக்கு நீரை இழுக்காது. குறிப்பில் சொன்ன திரவத்தை அப்படியே ஊற்றாமல் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

சரி, இனி நான் அதிகமாகப் பார்க்கிற தவறுக்கு வருகிறேன்: அவசரம். கலந்த உடனே மாவு கூழ் மாதிரித் தெரியும். பயந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி தேங்காய் மாவைப் போடுவோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அது பிளந்துபோன களிமண் கட்டி. முதலில் போட்ட மாவே அதற்குள் நீரைக் குடித்து இறுகியிருக்கும், நாம் கூடுதலாகப் போட்டது கெடுத்துவிட்டது. கலந்து முடித்ததும் 8 முதல் 10 நிமிடம் கிண்ணத்தை அப்படியே விடுங்கள், கை பரபரத்தாலும் விடுங்கள். அதற்குப் பிறகு ஒரு உருண்டை பிடித்து அழுத்திப் பாருங்கள். ஓரம் லேசாக வெடித்தால் பரவாயில்லை. இரண்டாகப் பிளந்தால் ஒரு மேசைக்கரண்டி பாலோ தண்ணீரோ விட்டுப் பிசையுங்கள், மறுபடி இரண்டு நிமிடம் பொறுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் மட்டும் ஒரு தேக்கரண்டி மாவு, அதற்கு மேல் ஒரேயடியாக வேண்டாம்.

அடுத்தது முட்டை விஷயம், இதில்தான் வீகன் குக்கீஸ், அதாவது முட்டை, பால், தேன் என்று விலங்கிலிருந்து வருவது எதையும் சேர்க்காத குக்கீஸ் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தேங்காய் மாவுக் குறிப்புகள் பலவற்றில் மூன்று நான்கு முட்டை இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது: முட்டை ஈரம் தருகிறது, ஒட்ட வைக்கிறது, சூட்டில் இறுகி உருவத்தை நிறுத்துகிறது. நாம் என்ன செய்கிறோம், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் என்ற கணக்கை நாலால் பெருக்கி ஊற்றிவிடுகிறோம். ஆளிவிதையின் வழவழப்பு ஈரமும் தரும், ஓரளவு ஒட்டவும் வைக்கும், ஆனால் முட்டைப் புரதம் மாதிரிச் சூட்டில் இறுகாது. விளைவு, வெளியே காய்ந்து உள்ளே பிசின் மாதிரி சவசவவென்று ஒரு வஸ்து. ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு முட்டை வரும் குறிப்புக்குத்தான் ஆளிவிதை சரிப்படும். அதற்கு மேல் முட்டை கேட்கிற குறிப்பை விட்டுவிடுங்கள், வேறு குறிப்பு தேடலாம். ஆளிவிதையை முழுசாகப் போட்டாலும் பலன் இல்லை, பொடித்து, தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறி கெட்டியான பிறகுதான் சேர்க்க வேண்டும்.

உண்மையில் இந்த குக்கீஸைப் பிடித்து நிறுத்துவது பாதாம் பட்டர், முந்திரி பட்டர் மாதிரியான கொட்டை விழுதுதான் என்பது என் அபிப்பிராயம். அதில் கொழுப்பு, புரதம், பசைத்தன்மை மூன்றும் ஒரே சாமானில் கிடைக்கின்றன. வெறும் தேங்காய் மாவும் எண்ணெயும் இனிப்புக்கு மேப்பிள் சிரப்பும் மட்டும் வைத்துச் செய்கிற குறிப்புகளும் இருக்கின்றன, சாப்பிடலாம், ஆனால் தட்டிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

சூரியகாந்தி விதை விழுது போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும்: ஆறிய குக்கீயைப் பிட்டால் உள்ளே பச்சை! பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். அந்த விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவின் காரத்தோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது, கெடுதல் ஒன்றும் இல்லை. சோடாவைக் குறைத்து எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, அதற்குக் கீழே உறைந்துவிடும். உருக்கிய எண்ணெயில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகத் திரியும். எல்லாச் சாமானும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கலந்தால் இந்தத் தொல்லையே வராது. சிரப்புக்குப் பதில் சர்க்கரை போடலாமா என்றால் போடலாம், ஆனால் அங்கே ஒரு திரவம் குறைகிறது என்பதை மறந்துவிட்டு ‘ஏன் இப்படி வறண்டு போச்சு’ என்று கேட்கக் கூடாது.

தானியமே கூடாது என்று செய்கிறவர்களுக்கு: குளூட்டன் இல்லாதது வேறு, தானியம் இல்லாதது வேறு. அரிசி மாவு, ஓட்ஸ், சோள மாவு எல்லாம் தானியம்தான். வெளிப்படையான இவற்றை யாரும் போடமாட்டார்கள், ஒளிந்து வருபவைதான் வில்லங்கம். பேக்கிங் பவுடர் பலவற்றில் ஈரம் பிடிக்காமலிருக்கச் சோள ஸ்டார்ச் சேர்க்கிறார்கள், ஐசிங் சர்க்கரையிலும் அப்படியே. வீகன் என்று வாங்கும் ஓட்ஸ் பால் தானியப் பால். பேக்கிங் சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பவுடரின் வேலை முடிந்துவிடும். ஸ்டார்ச் வேண்டுமானால் மரவள்ளி, ஆரோரூட் இரண்டும் கிழங்கிலிருந்து வருபவை, தைரியமாகப் போடலாம். வீகன் பக்கத்தில் தேனும், பால் பொடி கலந்த சாக்லேட் சிப்ஸும்தான் கண்ணில் படாமல் நுழைகிறவை, லேபிளைப் படியுங்கள்.

நான் இப்போது கைவிடாமல் செய்கிற அளவு இது. தேங்காய் மாவு 60 கிராம், பாதாம் பட்டர் 125 கிராம், மேப்பிள் சிரப் 80 கிராம், உருக்கிய தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஊறிய ஆளிவிதை ஒரு முட்டைக்கு உரியது, பேக்கிங் சோடா கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா இருந்தால் கொஞ்சம். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் தேங்காய் இனிப்பு திகட்டும். சோடாவைக் கூட்டினாலோ சோப்பு வாடை அடிக்கும்.

உருண்டை பிடித்து ட்ரேயில் வைத்துவிட்டு அது தானாகப் பரவும் என்று காத்திருப்பதும் மைதா பழக்கம்தான். மைதா குக்கீ சூட்டில் இளகிப் பரவும், இது நீரை எல்லாம் பிடித்து வைத்திருப்பதால் வைத்த வடிவத்திலேயே நிற்கும். உருண்டையாக வைத்தால் உருண்டையாகவே வெளியே வரும், நடுவில் வேகாமல். முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வெடித்த ஓரங்களை ஈர விரலால் சரிசெய்துவிட்டு வையுங்கள்.

ஓவன் 165 டிகிரி செல்சியஸ், நடுத் தட்டு, 12 முதல் 14 நிமிடம். இதைவிடச் சூடு கூட்டினால் உள்ளே வேகும் முன் அடி கருகும், தேங்காய் மாவு சீக்கிரம் சிவக்கிற ஜாதி. ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். தொட்டால் நடுவில் மெத்தென்று இருக்கும், ‘வேகவில்லையோ’ என்று தோன்றும், அந்தச் சந்தேகத்தில் இன்னும் ஐந்து நிமிடம் வைத்தால் கல்தான். எடுத்ததும் கரண்டியால் கிளப்பவும் கூடாது, பொடிப்பொடியாக உடையும். ட்ரேயிலேயே 25 நிமிடமாவது கிடக்கட்டும். ஆற ஆறத்தான் இறுகும், அறை 24 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் தேங்காய் எண்ணெய் உறையவே உறையாது, அப்போது அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், ஒழுங்காக நிற்கும்.

ஈரம் அதிகம் என்பதால் வெளியே இரண்டு நாள், அதற்கு மேல் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜ். எல்லாம் செய்தும் உதிர்ந்துபோச்சா? அந்தத் தூளில் ஒரு கரண்டி உருக்கிய தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு தட்டில் அழுத்திக் குளிரவையுங்கள், மேலே முந்திரி கிரீமும் பழமும் அடுக்கினால் ஓவன் இல்லாத டார்ட் ஆகிவிடும், அடியில் இருப்பது உடைந்த குக்கீ என்று யாரும் கேட்கப் போவதில்லை.