சிகரெட்டிலிருந்து வேப்புக்கு: புதிதாக மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பல்லடம் ரோட்டில் எங்கள் மெடிக்கல் ஷாப். எதிரே பேக்கரி. திருப்பூர்ப் பக்கம் பேக்கரி என்றால் கேக் வாங்கப் போகிற இடம் மட்டும் இல்லை. டீ குடித்து, பப்ஸ் தின்று, ஒரு தம் போடுகிற இடம். சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் டீ டைம் விட்டால், ஒரு கையில் கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாகக் கூட்டம் நிற்கும். கொஞ்ச காலமாக அந்தக் கூட்டத்தில் சில பேர் கையில் பேனா மாதிரி ஒரு கருவி தெரிகிறது. அதுதான் வேப், அதாவது இ-சிகரெட். மாம்பழ வாசம் ரோட்டைத் தாண்டி எங்கள் கவுண்டர் வரைக்கும் வரும்.

அவர்களில் சிலர் பிறகு கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, சிகரெட்டை விட்டரலாம்னுதான் வேப்புக்கு மாறுனனுங்க. இப்ப ரெண்டும் ஓடுதுங்க. என்ன பண்றதுங்க?" வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மாசம். ஆனால் கேள்வி இதேதான்.

முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவில்லை; ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். சிகரெட் பிடிக்க ஓர் இடம் வேண்டும், வெளியே வர வேண்டும், துணியில் ஒட்டின சிகரெட் வாடை காட்டிக் கொடுக்கும். வேப்புக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. கம்பெனி பாத்ரூம், பஸ்ஸின் கடைசி சீட்டு, வீட்டு மொட்டை மாடி என்று எங்கே வேண்டுமானாலும் ஒரு இழுப்பு இழுக்கலாம். பேக்கரிக்கு வந்தால் பழையபடி சிகரெட். நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தவர் ஐந்தாகக் குறைத்திருப்பார். நிக்கோடின் கணக்கு மட்டும் ஏறியிருக்கும்.

"அஞ்சாக் கொறஞ்சது நல்லதுதானுங்களே?" என்று கேட்பார்கள். இதயத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு அப்படி ஓடுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் அலசலில், நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருப்பது தெரிந்தது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி! அதனால் பாதி சிகரெட், பாதி வேப் என்று ஓட்டுகிறவரின் இதயம் பெரிதாகத் தப்பித்துவிடவில்லை.

வேப்பில் ஒரு ஆதாயமும் இல்லை என்று சொன்னால் அது பொய். சிகரெட்டில் புகையிலை எரிகிறது. இழுக்கும்போது கங்கின் சூடு 900 டிகிரி வரை போகும். அந்தப் புகையில் ஏழாயிரம் ரசாயனங்களுக்கு மேல். அவற்றில் எழுபது போலப் புற்றுநோய் உண்டாக்குபவை. கூடவே தாரும் கார்பன் மோனாக்சைடும். வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிக்கோடினும் வாசனையும் கலந்த திரவத்தை ஒரு சின்னக் கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது. நச்சு குறைவுதான், இல்லாமல் போய்விடவில்லை. 2019-ல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த சோதனையில், வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருசம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பேட்ச் மாதிரி நிக்கோடின் மருந்து எடுத்தவர்களில் அது 9.9 சதவீதம். ஆனால் அந்தச் சோதனையின் அடுத்த வரியை யாரும் சொல்வதில்லை. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருசம் கழித்தும் வேப்பை விட்டிருக்கவில்லை. மருந்து எடுத்து விட்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் அந்த மருந்திலேயே நின்றிருந்தார்கள்.

அங்கே ஆலோசகர் பக்கத்தில் இருந்தார், திரவத்துக்குச் சட்டப்படி அளவு இருந்தது, கருவியைச் சோதனை நடத்தினவர்களே கொடுத்தார்கள். நம்ம ஊரில் இந்த மூன்றும் கிடையாது.

அடுத்த தவறு அங்கேதான் தொடங்குகிறது: "கடையில விக்கறாங்க, அப்பறம் என்னங்க?" என்கிற நம்பிக்கை. தமிழ்நாடு 2018-லேயே வேப்பைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-லிருந்து நாடு முழுக்கத் தடை. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுபோவது, விற்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருசம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினால் மூணு வருசம் வரை சிறை, அஞ்சு லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்தாலே ஆறு மாசம் சிறை அல்லது ஐம்பதாயிரம் அபராதம் வரை போகலாம். துபாயிலிருந்து வருகிற மச்சான் பெட்டியில் நாலு போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் இறக்குமதிதான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வைத்திருப்பதே குற்றம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. திருட்டுத்தனமாக வருகிற சரக்கை யாரும் சோதிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஒரு தம்பி தன் கருவியைக் காட்டி, "வெறும் அஞ்சு பர்சென்ட்தானுங்கண்ணா" என்றான். ஐந்து சதவீதம் என்றால் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் நிக்கோடின். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சட்டம் அனுமதிக்கிற உச்ச அளவு 20 மில்லிகிராம். அந்தத் தம்பி வைத்திருந்தது பத்து மில்லி என்று அட்டையில் போட்டிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேருகிற நிக்கோடின் சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். அட்டையில் போட்டிருப்பது உண்மைதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லாதபோது, இதை வைத்து எப்படி அளவைப் படிப்படியாக இறக்குவது? "காலைல எந்திரிச்சதும் தலகாணிக்கடியில கை போகுதுங்க" என்றான். சிகரெட் பிடித்த காலத்தில் அவன் முதல் தம் போட்டதே பத்து மணிக்குத்தான்.

பிரிட்டன் மாதிரி சட்டம் அனுமதிக்கிற நாட்டில் இருக்கிற நம்மூர்க்காரர்கள் கேட்டால் சுருக்கமாகச் சொல்வேன். தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர் 3 மில்லிகிராம் திரவத்தில் ஆரம்பித்தால் ஆசை அடங்காது, மூணாம் நாள் சிகரெட்டுக்கே திரும்பிவிடுவார். சிகரெட் மாதிரி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக, மூணு நாலு விநாடி இழுக்க வேண்டும். புதுச் சுருள் போட்டுத் திரவம் ஊற்றினால் அது ஊற ஐந்து பத்து நிமிசம் விட வேண்டும், இல்லாவிட்டால் கருகின வாடைதான் வரும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டிலை விஷ மருந்து மாதிரிப் பூட்டி வைக்க வேண்டும். அதில் வேறு எண்ணெயோ கஞ்சாச் சாறோ கலக்கவே கூடாது. 2019-20-ல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் கெட்டு 2,800 பேர் வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம், கஞ்சா வேப் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்.

இங்கே இருக்கிறவர்களுக்கு நான் காட்டுகிற வழி நிக்கோடின் சூயிங்கம்மும் பேட்ச்சும்தான். சட்டப்படி கிடைப்பது, அளவு அட்டையில் இருப்பது, படிப்படியாக இறங்க முடிவது. 2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துக்கடையில் நேராகவே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்ற வைக்கிறவருக்கு 2 பத்தாது, டாக்டரைப் பார்த்து 4 வாங்குவது நல்லது.

"அதெல்லாம் தின்னு பாத்தனுங்க, ஒண்ணும் கேக்கலீங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற பேச்சு. எப்படித் தின்றீர்கள் என்று கேட்டால் விசயம் வெளியே வரும். அதைப் பபிள்கம் மாதிரி வறட்டு வறட்டென்று மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். நெஞ்சு எரியும், விக்கல் வரும், ஆசை அடங்காது. நிக்கோடின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும். அதனால் மெதுவாக மென்று, காரம் தட்டினதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு மெல்லு, வேறு பக்கம் ஒதுக்கு. இப்படியே அரை மணி நேரம். வெற்றிலை போடுகிற நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஒரு பக்கமாக அதக்கி வைத்திருப்பார்களே, அதே மாதிரி.

இன்னொன்று, டீ. காபி, டீ, கலர், ஜூஸ் எல்லாம் வாயைப் புளிப்பாக்கும். புளித்த வாயில் நிக்கோடின் ஏறாது. வாயில் போடுவதற்குக் கால் மணி முன்னாலிருந்தும், அது வாயில் இருக்கும் வரைக்கும் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. நம்ம ஆட்கள் சரியாக பேக்கரியில் நின்று டீயோடு போடுவார்கள். பிறகு மருந்தைக் குற்றம் சொல்வார்கள்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நாளைக்கு ரெண்டு போட்டுவிட்டுப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. முதல் ஆறு வாரம், மணிக்கோ ரெண்டு மணிக்கோ ஒன்று. நாளைக்கு ஒன்பதாவது வேண்டும், 24-க்கு மேல் கூடாது. அதன் பிறகு மெதுவாகக் குறைத்து மூணு மாசத்தில் நிறுத்தலாம். பேட்ச் ஒட்டிக்கொண்டு, ஆசை எழும்போது மட்டும் சூயிங்கம் போடுவது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். சிகரெட்டை விட உதவுகிற வாரெனிக்லின் மாத்திரையும் உண்டு, அது டாக்டர் பார்த்துத் தர வேண்டியது. கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தாங்களாகத் தொடங்காமல் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

காபி பற்றி இன்னும் ஒரு விசயம் இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சிகரெட் புகையில் இருக்கிற சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபைனை வேகமாகக் கழித்துவிடும். புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும். அப்போது அதே நாலு காபி குடித்தால் ரத்தத்தில் கஃபைன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கமில்லை. "சிகரெட் இல்லாம என்னால முடியலீங்க" என்று வருகிறவருக்குச் சில சமயம் காபியைப் பாதியாகக் குறைத்தாலே சரியாகிவிடும். இதைச் செய்வது நிக்கோடின் இல்லை, புகை. அதனால் வேப்புக்கு முழுதாக மாறினவருக்கும் இது பொருந்தும்.

இதே காரணத்தால் சில மாத்திரைகளின் அளவும் மாறும். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள், மனநோய்க்குக் குளோசபின், ஓலான்சபின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தினால் மருந்து ரத்தத்தில் கூடிவிடும். நிறுத்துகிற தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நூல் மில்லிலும் தறியிலும் வேலை செய்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறினவர்களில் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்ம பக்கம் உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாள் பார்ப்பதிலும் தப்பு நடக்கிறது. ஷிப்மெண்ட் வாரத்தில், ராத்திரி ரெண்டு மணி வரை செக்கிங் ஓடும்போது விட்டுவிடுகிறேன் என்று கிளம்புவார்கள். முதல் மூணு நாள்தான் உச்சம். அதற்கப்புறம் ரெண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். அந்த மூணு நாளைச் சரக்கு போன பிறகு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு வேண்டாம். மாரியம்மன் நோம்பி வாரமும் வேண்டாம், ஒறம்பரை வந்து நிற்கும்போது நீட்டுகிற கையை மறுப்பது கஷ்டம். முதல் ரெண்டு வாரம் டீயை பேக்கரியில் குடிக்காமல் மிசினுக்கே வரவழைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நன்றாக உதவுகிறது. ஆசை அலை மாதிரி வரும், பெரும்பாலும் ஐந்து நிமிசத்துக்குள் இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிசத்துக்கு என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

சிகரெட்டுக்குப் பதிலாக உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். புகை இல்லையே என்கிறார்கள். வாய்ப் புற்றுநோய்க்குப் புகை தேவையில்லை.

கடைசியாக, நடுவில் ஒரு தடவை வழுக்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்ச்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, "எல்லாம் போச்சுங்க" என்று மறுபடி பாக்கெட் வாங்குவது. போகவில்லை. பேட்ச் ஒட்டியிருக்கட்டும், சூயிங்கம் பாக்கெட்டில் இருக்கட்டும், அடுத்த சிகரெட் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால், எல்லா சிகரெட் பாக்கெட்டிலும் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும்: 1800-11-2356. காசு கிடையாது. தமிழில் பேசணும் என்று சொல்லுங்கள். எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது, இதற்கு முன்னால் எத்தனை தடவை விட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். வேப்பும் கூட ஓடுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர்களால் கணக்குப் போட முடியாது.